தாமிரபரணிக் கரை வகுப்பறைகளில் கருவிகள்: யாருக்காக, எதற்காக?

அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்று தமிழ்நாடு அரசு அண்மை ஆண்டுகளில் கணக்குச் சொன்னது. அதற்கு முன்பே 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் என்ற திட்டம் வந்தது. பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணி ஓடும் வழியெங்கும் திரையோ கணினியோ இல்லாத அரசுப் பள்ளிகள் குறைந்துகொண்டே வருகின்றன. கருவி வந்துவிட்டது. அது வந்ததால் ஒரு பிள்ளை கூடுதலாக என்ன கற்றது என்பதைத்தான் யாரும் போதுமான அளவு கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைத் திருநெல்வேலியிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. கல்விக்கான கருவிகள் இங்கே இருநூறு ஆண்டுகளாக வந்தபடி இருக்கின்றன. சில வேரூன்றின, சில தூசி படிந்து ஸ்டோர் ரூமுக்குப் போயின. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. பிள்ளை எந்த இடத்தில் தடுமாறி நிற்கிறதோ அந்த இடத்திலிருந்து தொடங்கிய கருவிகளும், ஆசிரியரின் நேரத்தை அவருக்கே திருப்பித் தந்த கருவிகளும் நிலைத்தன. மேலிருந்து பாடத்தை இறக்கவோ கீழிருந்து தகவலை ஏற்றவோ மட்டும் வந்தவை நிலைக்கவில்லை. கீழே வருவன எல்லாம் இந்த ஒரு கணிப்பைச் சோதித்துப் பார்க்கும் முயற்சி.

திண்ணைப் பள்ளியில் பிள்ளைக்கு முதலில் கிடைத்தது மணல். விரலால் மணலில் எழுதிப் பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வரும். பனை அடர்ந்த இந்தச் சீமையில் ஓலைக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஓலையில் கீறியதை அழிக்க முடியாது. மணலில் எழுதியதை உள்ளங்கையால் தடவிவிட்டு அடுத்த நொடியே மறுபடி எழுதலாம். தவறு செய்தால் தண்டம் இல்லை, செலவும் இல்லை. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான காப்பகத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அதோடு சேர்த்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. நம்முடைய திண்ணையிலிருந்து உலகத்துக்குப் போன கல்வித் தொழில்நுட்பம் அது. இன்று கணினி மென்பொருளைப் பற்றி ‘எத்தனை முறை வேண்டுமானாலும் தவறு செய்து திருத்தலாம்’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வசதி மணலுக்கே இருந்தது.

அச்சு நூல் அடுத்து வந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஊர் ஊராகப் பள்ளி திறந்ததோடு நிற்கவில்லை. அந்தப் பள்ளிகளுக்கு வேண்டிய பாடநூலைத் தமிழிலேயே எழுதவும் செய்தார். அவருடைய ‘பூமி சாஸ்திரம்’ 1832இல் வெளிவந்தது. பள்ளியைத் திறந்தவரே, அந்தப் பிள்ளைகள் என்ன மொழியில் யோசிக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கான புத்தகத்தை எழுதினார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் பெரிய பாடம் பாளையங்கோட்டையின் இரண்டு சிறப்புப் பள்ளிகளில் இருக்கிறது. கல்வித் தொழில்நுட்பம் பற்றிய பேச்சுகளில் இவை அநேகமாக இடம்பெறுவதே இல்லை. அதனால் இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கான பள்ளியைப் பாளையங்கோட்டையில் தொடங்கினார். ஆறு புள்ளிகளால் ஆன பிரெயில் முறை பிரெஞ்சு எழுத்துக்காக உருவானது. 12 உயிர், 18 மெய், அவை கூடிப் பிறக்கும் உயிர்மெய் என்று விரியும் தமிழ் எழுத்தை அந்த ஆறு புள்ளிகளுக்குள் கொண்டுவர ஒருவர் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. தமிழுக்குப் பிரெயில் அமைத்த தொடக்க முயற்சியில் ஆஸ்க்வித் பெயர் நிற்கிறது. பிறகு 1951இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. ஓர் இரும்புச் சட்டம், ஓர் ஊசி, தடித்த தாள், இவ்வளவுதான் கருவி. தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும், திருப்பிப்போட்டு இடமிருந்து வலமாகத் தடவிப் படிக்க வேண்டும். பிள்ளை கண்ணாடியில் தெரிவதுபோல ஒவ்வோர் எழுத்தையும் மனத்துக்குள் புரட்டிப் பழக வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கப் பொறுமையுள்ள ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். இருந்தார்கள். அதனால்தான் அந்தக் கருவி இங்கே நூறு ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறது.

இதே ஊரில் 1897இல் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளியைத் தொடங்கினார். அவர் பெயரிலேயே இன்றும் பள்ளி நடக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் கற்றலுக்கு இன்று வீடியோ எவ்வளவு முக்கியம் என்பதைக் காது கேட்கும் நாம் எளிதில் உணர்வதில்லை. நமக்கு வீடியோ பாடத்துக்குத் துணை. சைகை மொழியில் சிந்திக்கும் பிள்ளைக்கு வீடியோதான் பாடநூல். ஏனெனில் அந்த மொழியைத் தாளில் அச்சடிக்க முடியாது. இந்தியச் சைகை மொழிக்கான தேசிய ஆய்வு, பயிற்சி மையம் 2015இல்தான் அமைந்தது. என்சிஇஆர்டி பாடநூல்களைச் சைகை மொழிக்குக் கொண்டுவரும் உடன்பாடு 2020இல் கையெழுத்தானது. தமிழ்நாட்டுப் பாடநூலின் ஒவ்வொரு பாடமும், குறைந்தது பத்தாம் வகுப்பு வரை, சைகை மொழிக் காணொளியாக வந்தாக வேண்டும். பாளையங்கோட்டை ஆசிரியர்களையும் அங்கே படித்து முடித்தவர்களையும் கொண்டே அதைச் செய்யலாம்.

பார்வையற்ற மாணவருக்கு இன்று திரைவாசிப்பான் மென்பொருள் இருக்கிறது. 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கிறது. ஆனால் அது யூனிகோட் எழுத்தைத்தான் படிக்கும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வினாத்தாளோ, ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய குறிப்போ அதற்கு வெறும் குழப்பம். அரசு அலுவல்களுக்கு யூனிகோடைத் தமிழ்நாடு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் பள்ளிகளுக்கு இடையே சுற்றும் ஆவணங்களில் பழைய எழுத்துருக்கள் தலைகாட்டுகின்றன. ஓர் ஆசிரியர் எழுத்துருவை மாற்றிக்கொள்வதற்குப் பைசா செலவு இல்லை. அதனால் ஒரு மாணவர் படித்துச் சொல்ல இன்னொருவரை எதிர்பாராமல் தானே படிக்க முடியும். கோடிகளில் வாங்கும் திரைகளைவிட இந்தச் சிறு மாற்றம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

பொதுப் பள்ளிகளின் கதை வேறு. அகில இந்திய வானொலி 1930களிலேயே பள்ளிகளுக்காக ஒலிபரப்பத் தொடங்கியது. 1960களில் திருநெல்வேலிக்கே வானொலி நிலையம் கிடைத்தது. ஒலிபரப்பின் நேரமும் பள்ளியின் கால அட்டவணையும் ஒத்துப்போவது அரிது, கேட்ட பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்கவும் வழியில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து வந்த கரும்பலகைத் திட்டம் குறைந்தபட்ச வசதிகளைப் பேசியது. பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், கரும்பலகை, கற்பித்தல் பொருட்கள். அந்தப் பட்டியலில் ஆசிரியரும் ஒரு வசதியாகச் சேர்க்கப்பட்டிருந்தார் என்பதைப் பின்னால் வந்த திட்டங்கள் மறந்தன.

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் அளவில் உலகமே திரும்பிப் பார்த்த ஒன்று. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போயின. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் ஒரு தாயின் வீட்டுக்குள் ஒரு கணினி நுழைந்ததை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. கணினி என்றால் பணக்காரப் பிள்ளைகளின் பொருள் என்ற எண்ணத்தை அது உடைத்தது. ஆனால் வகுப்பறையில் அது எதையும் மாற்றவில்லை. பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவில், சில ஆண்டுகளில் பள்ளியை விட்டுப் போன பிறகுதான், கருவி கைக்கு வந்தது. பாடத்திட்டம் அதை எதிர்பார்க்கவில்லை, ஆசிரியர் அதைத் திறக்கச் சொல்லவில்லை. குடும்பச் சொத்தாக அது வெற்றி, கற்பித்தல் கருவியாகத் தோல்வி. 2025 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கணினி தருவதாக அரசு அறிவித்தது. இந்த முறையாவது கருவி கிடைக்கும் பருவத்தோடு பாடத்திட்டத்தையும் இணைத்து யோசிப்பது கல்லூரிகளின் பொறுப்பு.

2018இல் வந்த புதிய பாடநூல்களின் ஓரத்தில் க்யூஆர் கோடு இருந்தது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். இரண்டையும் சோதித்துப் பார்க்கும் காலம் யாரும் எதிர்பாராமல் வந்தது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடின. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 2021 செப்டம்பர் 1 அன்றும், சின்னப் பிள்ளைகளுக்கு நவம்பர் 1 அன்றும்தான் முழுமையாகத் திறந்தன. இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பாடம் போட்டார்கள். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வேலைக்குப் போய் இரவில் திரும்பும். மூன்று பிள்ளைகள் அதைப் பங்கிட வேண்டும். ரீசார்ஜ் தீர்ந்தால் பாடமும் தீர்ந்தது. பொதிகை மலை அடிவாரத்தில், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் காரையார், சேர்வலாறு, மயிலாறு பகுதிகளில் வாழும் காணி மக்களின் பிள்ளைகளுக்குப் போன் இருந்தாலும் சிக்னல் இல்லை. மேட்டில் ஏறி ஒரு கோடு சிக்னல் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும், அதுவும் யானை நடமாடும் காட்டில். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எஸ்டேட் பகுதிகளிலும் அப்போது நிலைமை இதுதான். கல்வித் தொலைக்காட்சி மட்டுமே டேட்டா கேட்காமல் வீட்டுக்கு வந்தது. ஆனால் அது தன் போக்கில் ஓடியது. ‘எனக்குப் புரியவில்லை’ என்று பிள்ளை சொன்னால் தொலைக்காட்சிக்குக் கேட்காது.

பிறகு நடந்ததைத்தான் கல்வித் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். 2021 அக்டோபர் 27 அன்று இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. பள்ளி நேரம் முடிந்ததும் தெருவில், கோயில் மண்டபத்தில், வீட்டுத் திண்ணையில் ஒரு தன்னார்வலர் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அவர்களில் பெரும்பாலோர் அதே ஊரின் பெண்கள். ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர் சேர்ந்தார்கள். பொருளியலாளர்கள் அபிஜீத் சிங், மௌரிசியோ ரோமெரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு இல்லம் தேடிக் கல்விதான் காரணம் என்றும் கண்டார்கள். அந்த ஆய்வு வட தமிழகத்திலும் காவிரிக் கழிமுகத்திலும் நடந்தது, நெல்லையில் அல்ல. ஆயினும் இங்கேயும் நடந்தது அதே திட்டம், அதே பாடப்பொருள், அதே வகையான தன்னார்வலர்கள். ஒன்றரை ஆண்டு திரை செய்ய முடியாததைப் பக்கத்து வீட்டு அக்கா ஆறு மாதத்தில் ஒரு பகுதியாவது செய்தார். அவரைப் பயிற்றுவிக்கவும் தொடர்புகொள்ளவும் செயலி பயன்பட்டது, அதையும் சொல்ல வேண்டும். அங்கே கருவி ஆசிரியருக்குப் பின்னால் நின்றது.

உலக ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. பெரு நாடு 2008 முதல் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. பின்னர் அளந்து பார்த்தபோது கணக்கிலோ வாசிப்பிலோ முன்னேற்றம் தென்படவில்லை. சுவீடன் 2023இல் சின்னப் பிள்ளைகளின் வகுப்புகளில் திரையைக் குறைத்து அச்சுப் புத்தகத்துக்கு நிதி ஒதுக்கியது. அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையில் வகுப்பறைக்குள் வருகிறது என்று கேட்டது. மறுபக்கமும் உண்டு. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை முரளிதரன், சிங், கானிமியன் மூவரும் சோதித்தார்கள். பள்ளிக்குப் பிறகான மையங்களில் நாலரை மாதப் பயன்பாட்டில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் நன்றாகவே முன்னேறினார்கள். பெருவில் தோற்றது டெல்லியில் வென்றதற்குக் காரணம் எளிது. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உண்மையில் நான்காம் வகுப்புக் கணக்கில் நிற்கிறது என்பதை அந்த மென்பொருள் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்கியது. பக்கத்தில் சிறு குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் இருந்தார்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டுக்குத் தன் பழைய செல்வம் நினைவுக்கு வர வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி. விஜயகுமார் முன்னெடுத்து, பிறகு மாநிலம் முழுவதற்கும் விரிந்த செயல்வழிக் கற்றலில் மின்சாரமே இல்லை. அட்டைகள், கற்றல் ஏணி, பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்வாகப் பூசிய கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியில் நின்று அடுத்த அட்டையை எடுக்கும். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியிலிருந்து கற்று நம் ஆசிரியர்கள் வளர்த்தெடுத்த முறை அது. மைண்ட்ஸ்பார்க் கணினியில் செய்வதை இங்கே அட்டை செய்தது. குறைகள் அதிலும் உண்டு. அட்டைகள் கிழிந்தன, புதுப்பிக்கப்படவில்லை, ஓர் ஆசிரியர் நான்கு வகுப்புகளைச் சேர்த்துச் சமாளிக்கும் பள்ளியில் ஏணி சடங்காகிப் போனது. ஆனாலும் பிள்ளை நிற்கும் படி எது என்ற கேள்வி அதில் இருந்தது. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிப்பது அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான்.

அந்த நிலையைக் கண்டறிவதற்கான மதிப்பீடு ஆசிரியரின் செல்போனில் ஏறியபோது சிக்கல் தொடங்கியது. நெட் இழுக்கவில்லை, சர்வர் திணறுகிறது, இருபது பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். இதற்கு மேல் எமிஸ் என்ற தகவல் பதிவேற்றத் தளம். வருகை, சீருடை, காலணி, உடல்நலம், நூலகம், மன்றம், விளையாட்டு என்று பள்ளியின் ஒவ்வோர் அசைவும் அதில் ஏற வேண்டும். 2023இல் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் கூட்டமைப்பான டிட்டோஜாக் முன்வைத்த கோரிக்கைகளில் இந்தப் பதிவேற்றச் சுமையும் ஒன்று. பிறகு சுமையைக் குறைப்பதாக அரசு சொன்னது, ஹைடெக் லேப்களுக்குத் தனிப் பணியாளர்களும் வந்தார்கள். இரண்டு ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒருவர் போனைப் பார்த்துக் குனிந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த வகுப்பின் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்படுகிறது. தகவல் அரசுக்கு வேண்டும், மறுக்கவில்லை. அதைப் பாட நேரத்தில் ஆசிரியரிடம் கேட்கக் கூடாது.

ஆள் என்ற கேள்வியைத் தமிழ்நாடு தொடர்ந்து தட்டிக்கழித்து வந்திருக்கிறது. 2012இல் கணினி, ஓவியம், தையல், உடற்கல்விக்கெல்லாம் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாயில் நியமித்தார்கள். ஊதியம் கொஞ்சம் உயர்ந்தது, நிரந்தரம் வரவில்லை. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு இறங்கினால் வேறு காட்சி. கேரளம் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியபோது வெளியாளைக் கொண்டுவரவில்லை. கணக்கு, மலையாளம், அறிவியல் சொல்லிக்கொடுக்கும் சொந்த ஆசிரியர்களையே பயிற்றுநர்களாக்கியது. கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்து உரிமக் கட்டணத்தை மிச்சப்படுத்தியது. பாடநூலோடு சேர்த்து மென்பொருளையும் அவர்களே அமைத்தார்கள். 2018இல் 45,000 வகுப்பறைகள் ஹைடெக் ஆனபோது அதைப் பராமரிக்க ‘லிட்டில் கைட்ஸ்’ என்று மாணவர் மன்றங்களே உருவாயின. புரொஜெக்டர் பழுதானால் பிள்ளைகள் முதலில் பார்க்கிறார்கள். ஒரே மலையின் இரு பக்கங்களில் இவ்வளவு வேறுபாடு இருப்பதற்குப் பணம் காரணமல்ல. ஆசிரியரை நம்புவதா, ஒப்பந்தத்தை நம்புவதா என்ற தேர்வுதான் காரணம்.

நெல்லையின் வகுப்பறைகளுக்குத் தேவையான பாடப்பொருள் நெல்லையிலேயே கிடக்கிறது. தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து, தங்கள் ஊர் வயலுக்குத் தண்ணீர் எந்தக் கால்வாயில் வருகிறது என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே தேடட்டும். புவியியல், கணக்கு, வரலாறு மூன்றும் அதில் வந்துவிடும். ஆதிச்சநல்லூரில் அகழ்வுக் குழிகளைக் கண்ணாடித் தளத்தின் மேலிருந்து பார்க்கலாம். சிவகளை இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு வெளியிட்டது. அந்தக் காலக்கணிப்பு எப்படிச் செய்யப்படுகிறது என்பதைவிடச் சிறந்த அறிவியல் பாடம் இங்குள்ள பிள்ளைக்கு என்ன இருக்கிறது? கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையிலேயே 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம் இயங்குகிறது. தொட்டு, சுழற்றி, அழுத்திப் பார்த்துக் கற்கும் காட்சிப்பொருட்கள் அங்கே உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை சுற்றுலாவாகப் போய்வருவதோடு அதை முடித்துக்கொள்கிறோம்.

வகுப்பறைக்கு வெளியே நன்றாக நடக்கும் ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். மணிமுத்தாறில் உள்ள ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒருங்கிணைத்து வருகிறது. மாணவர்களும் தன்னார்வலர்களும் இருநோக்கியோடு விடியற்காலையில் குளக்கரையில் நிற்கிறார்கள். எந்தப் பறவை, எத்தனை, எந்தக் குளம் என்று எண்ணிக் குறிக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் எண்ணிக்கை உண்மையான ஆவணத்தில் சேர்கிறது. கருவி அங்கே பிள்ளையின் கண்ணைக் கூர்மையாக்குகிறது, அவருடைய உழைப்புக்கு மதிப்பும் இருக்கிறது.

செல்போனைப் பற்றியும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் இரண்டு வார்த்தை போதும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் சக மாணவர்களால் ஒரு தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமையை ஒட்டி நீதியரசர் சந்துரு குழு அமைந்தது. பள்ளி வளாகத்தில் மாணவர்கள் செல்போன் வைத்திருப்பதைத் தடுக்க வேண்டும் என்பதும் அதன் பரிந்துரைகளில் ஒன்று. இந்த மாவட்டத்தில் சாதிப் பெருமையைத் தூண்டும் காணொளிகள் பிள்ளைகளின் கையில் சுற்றுவதை அறிந்தவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். பள்ளியின் கணினி பொதுவில் இருப்பது, எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து பயன்படுத்துவது இங்கே கூடுதல் பொருள் உள்ள காரியம். கேட்டதும் பதில் எழுதித் தரும் செயலிகளோ, தமிழில் தவறையும் அதே உறுதியோடு சொல்கின்றன. ஆசிரியர் பயிற்சிக் கணக்குகளைத் தயாரிக்க அவை உதவட்டும். எழுதப் பழகும் பிள்ளையின் இடத்தில் அவை எழுத வேண்டாம்.

பராமரிப்பும் இங்கே தனிப் பிரச்சினை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு கரை புரண்டு ஸ்ரீவைகுண்டம் வட்டாரமே தீவானது. பிள்ளைகளின் புத்தகங்கள் சேற்றில் போயின, அரசு புதிதாகக் கொடுத்தது. புத்தகத்தை மறுபடி அச்சடிக்கலாம். தரைத்தளத்தில் இருக்கும் கணினியும் யூபிஎஸ்ஸும் நீரில் மூழ்கினால் மறுபடி வர ஆண்டுகள் ஆகும். இந்த ஆற்றங்கரைப் பள்ளிகளில் லேப் மாடியில் இருக்க வேண்டும், பேட்டரி மாற்றவும் பழுது பார்க்கவும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் அழைத்தால் வரும் ஒரு தொழில்நுட்பப் பணியாளர் வேண்டும். காணிக் குடியிருப்புகளுக்கு நெட் வரும்வரை காத்திராமல், பாடங்கள் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி இணையம் இல்லாமலே இயங்கும்படி இப்போதே கொடுக்கலாம்.

கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு ஒன்றைத் தந்திருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்காதீர்கள், அந்தக் கணக்கு அரசிடம் சரியாகவே இருக்கும். போன மாதம் என் பிள்ளையின் கை எத்தனை மணி நேரம் அந்தக் கணினியில் பட்டது என்று கேளுங்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.